பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: நான் வைத்திருப்பது 2009-ஆம் ஆண்டின் மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு, நானே மாற்றிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டியது ஷாக் அப்சார்பர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஷாக் தேய்ந்துவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் காரின் பின்பகுதி அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். டயரின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்படும். ஷாக்கின் உடலில் ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருக்கும். மேற்பகுதியில் மட்டும் மெல்லிய ஈரம் படிந்திருப்பதைக் கசிவு என்று சொல்ல முடியாது. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறதென்றால், ஷாக்கின் மேலும் கீழும் அது காருடன் இணையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்களான புஷ்களையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஒருவர் டிக்கியின் விளிம்பை அழுத்தி அழுத்தி விடும்போது நீங்கள் ஷாக்கின் கீழ்ப்பக்க போல்ட்டின்மேல் விரலை வைத்திருந்தால், தளர்ந்த புஷ்ஷின் தட்டல் விரலிலேயே தெரியும். அதற்கும் முன்பாக, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியாக இறுக்கப்படாத ஸ்டெப்னியும் இதே சத்தத்தைத்தான் எழுப்பும்.

ஷாக்தான் பழுது என்று தெரிந்தால், உங்கள் கார் வீட்டு வேலைக்கு ஏற்றதே. இரண்டு பின்சக்கரங்களையும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச்சட்டம் இணைத்திருக்க, காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி தேவையில்லை. ஸ்பிரிங்குக்குள்ளேயே ஷாக் அமைந்திருக்கும் வகைக் கார்களை வைத்திருப்பவர்கள் இந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் கைதவறித் தெறித்தால் ஆளையே கொல்லக்கூடும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவற்றையே நீங்கள் தூக்கப் போவதால் ஹேண்ட் பிரேக்கை நம்பி எந்தப் பயனும் இல்லை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காருடன் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள வண்டியின் அடியில் கையை நீட்டும் முன், கையேடு காட்டும் இடங்களில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தியே ஆக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும்.

போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்க ஷாக்கை மட்டும் கழற்றுங்கள். பீம் ஓர் அளவுக்குமேல் கீழே தொங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான் என்பதால், கழற்றும் முன் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்துப் பீமைச் சற்றே உயர்த்தினால்தான் போல்ட்டின் மீதுள்ள பாரம் நீங்கும். இல்லாவிட்டால் இறங்கும் பீமின் எடை முழுவதும், பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் வந்து விழும். நட்டைத் திருப்பும்போது ஷாக்கின் கம்பியும் சேர்ந்து சுற்றினால், அதன் நுனியை ஸ்பானரால் பிடியுங்கள். பளபளக்கும் கம்பியைப் பிளையரால் கவ்வினால், அதில் விழும் கீறல், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலை அறுத்துவிடும். புதிய ஷாக்கைப் பொருத்தும் முன், நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுமையாக அழுத்தி விடுங்கள். பழைய நட்டுகளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

கீழ்ப்பக்க போல்ட்டைக் கார் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால், காரைத் தரையில் இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே நாளெல்லாம் உழைத்துச் சில மாதங்களில் கிழிந்துவிடும். கையிறுக்கமாக விட்டு, சக்கரங்கள் தரையில் நின்று காரின் எடையைத் தாங்கிய பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். புதுப் புஷ் சீக்கிரமே போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒன்றைத்தான் தவறவிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு பக்கம் மட்டுமே கசிந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: பீமைக் காரின் உடலோடு இணைக்கும் பெரிய புஷ்களையும் வீட்டிலேயே மாற்ற முடியுமா? சத்தம் நிற்க அவற்றின்மேல் ஆயில் விட்டு வருகிறேன்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆயில் விடுவதை உடனே நிறுத்துங்கள். கனிம எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, மென்மையாகி, வலுவிழக்கும். சத்தம் அடங்குவது சில நாட்களுக்குத்தான். வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டியின் அடியில் கழிவு ஆயில் அடித்துவிடும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்கிறது. பீம் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்ற முடியாது, அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் வேண்டும். தவிர, பல புஷ்களில் ரப்பரின் நடுவே இடைவெளிகள் விட்டிருப்பார்கள்; அவை எந்தத் திசையை நோக்கி இருந்தனவோ அதே திசையில் புதியது அமைய வேண்டும். பழையதைப் பிதுக்கி எடுக்கும் முன் பீமில் அடையாளக் கோடு போடும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: பின்பகுதி தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் பஃபர் செருகினால் போதும் என்கிறார்களே?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: உயரம் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் பஃபர் நிரம்பிய சுற்றுகள் வேலை செய்யாமல் நின்றுவிடுவதால், ஸ்பிரிங் கடினமாகி, மற்றச் சுற்றுகள் கூடுதல் பாரம் சுமக்க நேரிடும். தேய்ந்த ஷாக்குக்கு இன்னும் சிரமம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்றால் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்; போடும்போது ஸ்பிரிங்கின் முனை, ரப்பர் இருக்கையில் அதற்கென உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஜாக்கியை உயர்த்துங்கள்.