முதல் முறை கவுன்சலிங் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

தனியாகத் தொழில் செய்யும் உளவியல் ஆலோசகரிடம் முதல் தடவை போகிறவர்கள் இங்கே கேட்கலாம். நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். மாத்திரை பற்றி மட்டும் கேட்காதீர்கள். எப்படியும் கேட்பீர்கள் என்று தெரியும்.

புதியவன்: அடுத்த வாரம் முதல் செஷன். என்ன நடக்கும்? எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை.

"எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை" என்றே ஆரம்பியுங்கள். கவுன்சலர் அதை அடிக்கடி கேட்டுப் பழகியவர். அங்கிருந்து பேச்சை நகர்த்துவது அவர் வேலை.

முதலில் ஒரு ஒப்புதல் படிவம் தருவார். கட்டணம், வராமல் போனால் என்ன, எதை ரகசியமாக வைப்பார், எதை வைக்க மாட்டார் எல்லாம் அதில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் முன்பாவது சொல்லாமல் செஷனை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்பவர்கள் உண்டு. அது தெரியாமல் பிறகு சண்டை போடுகிறவர்களும் உண்டு.

அப்புறம் கேள்விகள். தூக்கம், பசி, வேலை, வீட்டில் யார் யார், முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா, குடி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் எல்லோரிடமும் கேட்போம், அதனால் பயப்பட வேண்டாம். சிலர் பிஎச்க்யூ-9 என்ற தாளையும் நீட்டுவார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்கு கிடைக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் நோய் என்று முடிவு கட்டக்கூடாது. நீங்களும் கட்டாதீர்கள்.

செஷன் பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். 50 நிமிடத்தில் முடிப்பவர்கள் அதிகம், மீதி நேரத்தில் குறிப்பு எழுதுவார்கள். முழு நேரமும் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போகும்போது உண்மையான விஷயத்தைப் போட்டு உடைப்பவர்கள் ஏராளம். முடிந்தால் அதைப் பாதியிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் செஷன் முடிந்த அன்று மனம் லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்குக் கனமாகத்தான் இருக்கும். அன்றே வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகள் வேண்டாம்.

நிழல்: நான் சொல்வதை வீட்டில் சொல்லிவிடுவாரா?

மாட்டார். விதிவிலக்குகள் சில உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்ற உத்தரவு. எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். முதல் நாளே "எப்போதெல்லாம் ரகசியத்தை மீறுவீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் யோசியுங்கள்.

"சாகலாம் போலிருக்கிறது" என்று சொன்னதுமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்து மறைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எண்ணம் மட்டும்தானா, திட்டம் இருக்கிறதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று விசாரிப்போம். பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று சேர்ந்து யோசிப்போம். ஆனால் இப்போதே, இந்த நிமிடமே அப்படித் தோன்றினால் அடுத்த செஷனுக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர உதவிக்குப் போங்கள்.

மழைக்காலம்: மாத்திரை தருவாரா?

மாட்டார். அது மனநல மருத்துவர் வேலை.

கண்ணாடி: சிபிடி, மனப்பகுப்பாய்வு, இன்னும் என்னென்னவோ சொல்கிறார்கள். எது நல்லது?

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திடீர் பயத் தாக்குதல், ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்), குறிப்பிட்ட ஒன்றைப் பார்த்து அஞ்சுவது என்றால் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) வகையைத் தேடுங்கள். அது 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த முறை. நினைப்பும் செயலும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்த்து, வீட்டுப்பாடமெல்லாம் கொடுப்பார்கள். காரணம் புரியாத வெறுமை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி உடையும் உறவுகள் என்றால் மனப்பகுப்பாய்வு போல, பழைய அனுபவங்களையும் மனதின் ஆழத்தையும் தோண்டிப் பார்க்கும் வழிகளும் உண்டு.

வாதி: இதெல்லாம் விளம்பரம். முறை முக்கியமே இல்லை, ஆள்தான் முக்கியம். 1936லேயே உளவியலாளர் ரோசன்ஸ்வைக் சொல்லிவிட்டார்.

படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். சால் ரோசன்ஸ்வைக் சொன்னது, வெவ்வேறு முறைகளுக்குள் பொதுவாக இருக்கும் அம்சங்கள்தான் பெரிதும் வேலை செய்கின்றன என்று. அதில் நிறைய உண்மை இருக்கிறது. கவுன்சலரோடு அமையும் உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்பது பிறகு பல ஆய்வுகளில் வந்த விஷயம். அதிலிருந்து "முறையே வேண்டாம்" என்ற இடத்துக்கு நீங்கள் தாவியதைத்தான் ஏற்க மாட்டேன்.

வாதி: அன்பாகக் கேட்கிற ஒருவர் போதும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் அதைத்தான் சொன்னார்.

ரோஜர்ஸ் 1957இல் எழுதியது எனக்கும் பிடித்த கட்டுரைதான். ஆனால் ஓசிடி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டினோமா என்று இருபது தடவை பார்க்கிறார். வாராவாரம் அன்பான கவுன்சலரிடம் வருகிறார். "நீங்கள் பூட்டியிருப்பீர்கள், கவலைப்படாதீர்கள்" என்று அவர் ஆறுதல் சொல்கிறார். அந்த ஆறுதலும் ஒரு சரிபார்ப்புதான். நோய்க்குத் தீனி. அங்கே செய்ய வேண்டியது, பார்க்கத் தோன்றும்போது பார்க்காமல் இருக்கும் பயிற்சி. அதற்குப் பெயர் ஈஆர்பி. கஷ்டமான பயிற்சி, அதை நடத்தக் கற்றவர்தான் நடத்த வேண்டும்.

பழைய ஆள்: குறுக்கே வருகிறேன். நான் ரொம்ப நாள் ஒரு அம்மாவிடம் போனேன். தங்கமான மனுஷி. பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் அதே கதை.

இதைத்தான் சொல்ல வருகிறேன். 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் கவுன்சலருக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே உள்ள பிணைப்பு. வாதி மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கும் அது மட்டும் கிடைத்திருக்கிறது. "இரண்டு நாள்தான் தாங்குகிறது" என்று அந்த அம்மாவிடம் சொன்னீர்களா?

பழைய ஆள்: இல்லை. அவர் மனம் புண்படும் என்று…

சொல்லுங்கள். எனக்குப் பிடித்த பல்லவி இதுதான், இன்னும் பல தடவை வரும். செஷனில் எது உறுத்தினாலும் அவரிடமே சொல்லுங்கள். நல்ல கவுன்சலருக்கு அது அவமானம் அல்ல, வேலைக்கான தகவல். அவர் புண்பட்டால் அதைச் சமாளிப்பது அவர் பொறுப்பு, உங்களுடையது அல்ல.

வாதி: சரி, அப்படியானால் பட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

போதாது, ஆனால் பார்க்காமல் விடவும் கூடாது. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், உங்கள் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். போனில் பத்து நிமிடம் போதும். "எல்லாவற்றையும் பார்ப்பேன், நிச்சயம் குணமாக்குவேன்" என்பவரிடம் போகாதீர்கள். வாதி, இத்தோடு விடுவோம்.

அலை: எத்தனை செஷன்?

சிபிடி மாதிரிக் குறுகிய முறைகளில் 6 முதல் 20 வரை, பெரும்பாலும் வாரம் ஒன்று. மற்றவை மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில். நாலைந்து செஷனுக்குப் பிறகு "நாம் எங்கே இருக்கிறோம்?" என்று அவரிடமே கேளுங்கள்.

இரட்டைக்கிளி: கணவரோடு சேர்ந்து போகிறோம். நான் தனியாகச் சொல்லும் விஷயத்தை அவரிடம் மறைப்பாரா?

சிலர் மறைப்பார்கள். சிலர் "தனியாகச் சொன்னாலும் இருவருக்கும் பொதுதான்" என்று விதி வைத்திருப்பார்கள். சொல்வதற்கு முன் கேளுங்கள், சொன்ன பிறகு அல்ல.

தூறல்: மாத்திரை எழுதித் தருவாரா?

மேலே பார்க்கவும்.

தனிமரம்: என் கவுன்சலர் இரவில் மெசேஜ் அனுப்புகிறார். தன் கஷ்டங்களைச் சொல்கிறார். வெளியே சந்திக்கலாமா என்கிறார். எனக்கும் அவரைப் பிடிக்கும். தப்பா?

உங்கள் மேல் தப்பே இல்லை. கவுன்சலர் மேல் பிரியம் வருவது சகஜம். அதை அவர் பயன்படுத்திக்கொள்வதுதான் தப்பு, சாதாரணத் தப்பும் அல்ல. சிகிச்சை நடக்கும்போது காதல், உடலுறவு கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில், சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 2 வருடம் உடலுறவுக்குத் தடை. நட்பு, வியாபாரம், கடன் எல்லாமே சிக்கல். உங்கள் செஷனில் அவருடைய கஷ்டங்கள் ஓடுகின்றன என்றால் அங்கே யாருக்குச் சிகிச்சை?

பல்லவிக்கு இது விதிவிலக்கு. இதை அவரிடம் பேசித் தீர்க்கப் போகாதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள், சந்திக்கப் போகாதீர்கள், வேறு ஒரு கவுன்சலரிடம் காட்டுங்கள். அவர் பதிவு பெற்ற அமைப்பு இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம்.

வாதி: பார்த்தீர்களா, ஆள்தான் முக்கியம்!

இதில் ஒத்துக்கொள்கிறேன். போதுமா?

சருகு: டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். கவுன்சலிங் ஆரம்பித்ததும் நிறுத்தலாமா?

மாத்திரைக் கேள்வி மூன்றாவது தடவை, ஆனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மருந்துகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். கவுன்சலரே நிறுத்தச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வழிப்போக்கன்: முதல் நாள் என்ன நடக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள் ஐயா.

புதியவன்: இன்னொன்று. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாமா? சிரிப்பாரா?

தாராளமாக. வாய் வரவில்லை என்றால் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.