லினக்ஸுக்கு மாறியதும் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இயல்பாக வரும் ஃபாண்ட் அமைப்பை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். நீங்கள் விண்டோஸிலிருந்து வந்திருப்பீர்கள், திரை சாதாரண 1080பி என்று வைத்துக்கொள்கிறேன். 4கே திரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

நான் மாறிய புதிதில் சாயங்காலமானால் கண் எரியும். கண் மருத்துவர் பவர் மாறவில்லை என்று அனுப்பிவிட்டார். கூட வேலை பார்ப்பவர் ஒருவர், “ஓசியில் கிடைப்பது அப்படித்தான் இருக்கும்” என்றார். அந்த எரிச்சலில்தான் நோண்ட ஆரம்பித்தேன்.

லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான க்னோமில் இயல்பாக வருவது கிரேஸ்கேல். எழுத்தின் ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் மழுப்பும். விண்டோஸில் எழுத்தைத் தீட்டும் முறையான கிளியர்டைப், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தும். இதன் காப்புரிமைச் சிக்கல் 2019 வரை இருந்ததால், லினக்ஸில் எழுத்துகளை வரைந்துதரும் ஃப்ரீடைப் அந்த வசதியை இயல்பாக அணைத்தே வைத்திருந்தது. க்னோமுக்கான ட்வீக்ஸ் என்ற தனிச் செயலியில், ஆன்டி-ஏலியாசிங்கை (எழுத்தின் ஓரத்தை மழுப்பும் முறையை) கிளியர்டைப் போன்ற ‘சப்பிக்சல்’ ஆக்கினேன். அதில் கூர்மை அகலவாக்கில்தான் கூடும். தமிழுக்கு வேண்டியதும் அதுதான்: ண, ன இரண்டின் சுழிகளும் பக்கவாட்டில்தானே வரிசையாக நிற்கின்றன! சின்ன அளவிலும் எனக்கு அவை பிரிந்து தெரிந்தன. ஹின்டிங்கை (எழுத்தைப் பிக்சல்களுக்கு ஒத்துப்போக வைக்கும் அமைப்பை) ‘ஸ்லைட்’டிலேயே விடுங்கள், அது எழுத்தை உயரவாக்கில் மட்டும் பிக்சல் கோட்டில் உட்கார வைக்கும், அகலத்தைத் தொடாது.

“திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஓரத்தில் நிறம் தெறிக்குமே, ஓஎல்இடியில் பட்டை வரிசையே வேறாச்சே” என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். தெரியும் சார். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை வைப்பதென்றால் கிரேஸ்கேல்தான் பத்திரம், அதை நான் மறுக்கவில்லை. இந்த ஒரு பொத்தானை செட்டிங்ஸில் வைக்காமல் தனியாக ஒரு செயலியை நிறுவச் சொல்வானேன் என்பதுதான் என் கேள்வி. அதிலும் ஜிடிகே 4 என்ற கருவித்தொகுப்பில் எழுதிய புதிய க்னோம் செயலிகள் நீங்கள் சப்பிக்சல் வைத்தாலும் கண்டுகொள்ளாது, கிரேஸ்கேல்தான். இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஇ-யில் இது செட்டிங்ஸிலேயே ஃபாண்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடும் இணையதளங்களுக்கு எந்த அமைப்பாலும் வைத்தியம் பார்க்க முடியாது. அதை அழகு என்று நினைக்கும் வடிவமைப்பாளர்கள் ஒரு நாள் முழுக்க அதையே படித்துப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். திரை அளவை 125% என்று வைத்திருந்தால், திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டில் ஓடும், பழைய முறையான எக்ஸ்11-க்கு எழுதிய செயலிகள் அதனாலேயே மங்கலாம். முதலில் 100%-க்குக் கொண்டுவந்து, எழுத்தின் அளவை மட்டும் கூட்டிப் பாருங்கள்.