அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலரில் என்ன எழுதலாம்?

கேள்வி இதுதான்: இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் கண்ணகி அம்மன் கோயிலே கதி என்றிருந்து, ஊராருக்கும் ஓடியோடி உதவிய அம்மம்மாவைப் பற்றி மலரில் என்ன எழுதுவது?

'பக்தி மிக்கவர், பரோபகாரி' என்று எழுதி முடித்துவிடாதீங்க. அது எல்லா மலரிலும் இருக்கும். அவர் கை செய்த வேலையை எழுதுங்க. கண்ணகி அம்மனுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வைகாசிச் சடங்கு நம் பக்கத்தில் பெண்களின் உழைப்பில்தான் நடக்கிறது. சடங்கு தொடங்கக் கோயில் கதவு திறந்த நாள் முதல், அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி வரை கோயில் வளவு கூட்டியது, பொங்கலுக்கு அரிசி புடைத்தது, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடல்களைப் படிக்கும்போது விடிய விடியக் கண் விழித்திருந்தது, முதல் குரவை (குலவை ஒலி) யாருடையது என்பது, எல்லாம் அவருடைய வயதுப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்க. என் அம்மம்மாவைப் பற்றி நான் கேட்கப் பிந்திவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஊர்ப் பணிக்கு இரண்டு காலங்களைத் தொட்டுக் கேட்டால் போதும்: 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி. அந்த நாட்களில் யாருக்குச் சோறு கொடுத்தார், யாருடைய பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருந்தார் என்று கேளுங்க. உதவி பெற்றவர்களின் பெயரை அவர்கள் சம்மதித்தால் மட்டும் போடுங்க.

பிறந்த திகதி, குடி (தாய்வழி வம்சம்), பிள்ளைகள் விபரத்துக்கு ஒரு பக்கம் போதும். தேவாரம் ஒன்று போடுவதென்றால், அவர் விளக்கு வைக்கும்போது வழக்கமாகப் பாடியதையே போடுங்க.