மெஸ் என்ற சொல்

வணக்கம் சார். மதுரை சிம்மக்கல் பக்கம் அப்பா ரொம்ப வருஷமாக ஒரு சின்ன அசைவ மெஸ் நடத்துகிறார். இப்போது பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதப்போகிறோம். லண்டனில் வேலை பார்க்கும் தம்பி, "மெஸ் என்றால் இங்கிலீஷில் அலங்கோலம், குப்பைக்கூளம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அதை எடுத்துவிட்டு ரெஸ்டாரன்ட் என்று போடுங்கள்" என்கிறான். அப்பாவுக்கு மனசே இல்லை. நாம் இத்தனை நாளாகத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?
ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

மெஸ் என்றே எழுதுங்கள். தம்பி சொல்லும் அர்த்தமும் உண்டு. ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் சாப்பாடுதான்.

அனுப்புவது, வைப்பது என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினைச்சொல்தான் இதற்கு வேர். மெசேஜ், மிஷன் எல்லாம் அதே குடும்பம். பழைய பிரெஞ்சில், அடுக்களையிலிருந்து பந்திக்கு வருகிற ஒரு பதார்த்தத்துக்கு இந்தப் பெயர். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஆதியாகமம் 43ஆம் அதிகாரத்தைத் தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். எகிப்தில் யோசேப்பு தன் சகோதரர்களுக்கு விருந்து வைக்கிறான். தன் முன்னால் இருந்த உணவிலிருந்து ஒவ்வொருவருக்கும் பங்கு அனுப்புகிறான். கடைக்குட்டி பென்யமீனுக்கு மட்டும் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. அந்தப் பங்குக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் சொல் மெஸ். பாசத்தோடு நிறைய வைத்த சாப்பாடு! எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் கூட்டத்துக்கும் அதே பெயர் வந்தது. லண்டன் வக்கீல்களின் பழைய அமைப்புகளான இன்ஸ் ஆஃப் கோர்ட்டில் விருந்துக்கு நாலு நாலு பேராக உட்காருவார்கள்; அந்த நால்வர் ஒரு மெஸ். கப்பலிலும் பட்டாளத்திலும் அப்படித்தான். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு இங்கே வந்த சொல், ஹாஸ்டல் வரைக்கும் பரவிவிட்டது.

அலங்கோலம் எப்படி வந்தது? கூழ்போலக் கலந்த உணவுக்கும், பன்றிக்கு வைக்கும் தீனிக்கும் அந்தச் சொல்லைச் சொல்லப்போய், கண்டபடி கலந்துகிடக்கிற எதுவும் மெஸ் ஆனது. ஒழுங்கில்லாமை, குழப்பம் என்ற பொருளெல்லாம் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

நம்மூர் அசைவ மெஸ்ஸில் இலை போட்டுச் சோறு வைத்ததும் ஒருவர் பெரிய தட்டோடு வருவார். சுக்கா, ஈரல், குடல், அயிரை மீன் என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கும். இலைப் பக்கத்தில் சாய்த்துக் காட்டி, "எது வைக்கட்டும்ணே?" என்பார். மெனு கார்டைப் பார்க்கிற வேலையே இல்லை. அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்ததோ அது நேராக இலைக்கு வந்துவிடும். பழைய பிரெஞ்சுக்காரர் எதை மெஸ் என்று சொன்னாரோ, அது அந்தத் தட்டில்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ரெஸ்டாரன்ட் என்று போட்டால், என்ன மாதிரிச் சாப்பாடு, எப்படிப் பரிமாறுவார்கள் என்ற தகவலே போய்விடும். வெளிநாட்டுக்காரர்களுக்காக வேண்டுமானால், கீழே சின்ன எழுத்தில் அசைவ உணவகம் என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி இருக்கிற ஊரில் விஷயம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இன்றைக்குச் சாப்பாட்டு மெஸ் பெரும்பாலும் ராணுவத்தோடு நின்றுவிட்டது. ஒருவர் தன் அறையை மெஸ் என்றால் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று அர்த்தம். தன்னையே மெஸ் என்று சொல்லிக்கொண்டால், மனசு உடைந்து போயிருக்கிறார். மெஸ் அப் என்றால் காரியத்தைக் கெடுத்துவிட்டார். அதனால் "அப்பா மெஸ் நடத்துகிறார்" என்று தம்பி அங்கே சொன்னால் கேட்கிறவர்களுக்குப் புரியாது. சின்ன ரெஸ்டாரன்ட் என்று சொல்லட்டும், அங்கே அதுதான் சரி.