கடன் வாங்கி டாக்டர் சீட்டு வேண்டாம்

அம்மா, இரண்டு தடவை நுழைவுத்தேர்வு எழுதியும் இடம் கிடைக்காத மகளுக்கு, வீட்டை அடமானம் வைத்தாவது டாக்டர் சீட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுக்கப் பெரியப்பா சொன்னதும் அத்தை கேட்டதும்தான் இருக்கிறது. மகளைப் பற்றி ஒரே வரி: ரத்தத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறாள், ஆனால் மருந்து டப்பாவுக்குள் மடித்திருக்கும் தாளை விடாமல் படிக்கிறாள். இதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டு தடவை நுழைவுத்தேர்வு எழுதியது போதும். வீட்டை அடமானம் வைத்து வாங்கும் சீட்டு வேண்டவே வேண்டாம். அந்தக் கடனை உறவினர்கள் கட்டப் போவதில்லை. பிடிக்காத வேலையில் இருந்துகொண்டு அவள்தான் கட்டுவாள்.

மற்றப் படிப்புகளைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் சொல்வது பார்மகோவிஜிலன்ஸ், அதாவது மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு. பார்மசியோ நர்சிங்கோ உயிர் அறிவியலோ படித்துவிட்டு இதற்குள் வரலாம்.

விற்பனைக்கு வருமுன் ஒரு மருந்தைப் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கிறார்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் பாதிப்பு ஒரு தடவையாவது கண்ணில் பட, ஏறக்குறைய 30,000 பேர் வேண்டும். ஆக, மிச்சம் தெரிய வருவது மக்கள் சாப்பிட்ட பிறகுதான். கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறப்பதாக 1961-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு 'லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதியது ஒரு சின்னக் கடிதம். அந்தக் கொடுமைக்குப் பிறகு மருந்துகளால் வரும் பாதிப்புப் புகார்களைப் பல நாடுகளிலிருந்து சேர்க்க 1968-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய திட்டத்தின் தரவுத்தளம் இன்று சுவீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான புகார்கள்.

வேலை எப்படி இருக்கும்? எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு மூன்றாவது வாரம் வறட்டு இருமல் என்று ஒரு தாள் வருகிறது. நோயாளி, தகவல் தந்தவர், மருந்து, பாதிப்பு, இந்த நான்கும் இருக்கிறதா என்று உங்கள் மகள் முதலில் பார்ப்பாள். அப்புறம் கேள்விகள். மருந்து தொடங்கிய தேதி எது, இருமல் வந்த தேதி எது? நிறுத்தியதும் அடங்கியதா? மறுபடி கொடுத்தபோது திரும்பியதா? கூடவே வேறு மாத்திரை, சளி, ஆஸ்துமா உண்டா? பதில்களை வைத்து பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்பதை 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று தரம் பிரிப்பாள். ஒரு புகார் எதையும் நிரூபிக்காது. அதே மருந்துக்கு அதே பாதிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குவிந்தால்தான் விசாரணை, எச்சரிக்கை, சில சமயம் மருந்தையே திரும்பப் பெறுவது. 2004-ல் ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரையை இதய ஆபத்துக்காகத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆபத்தைக் கடைசியில் உறுதிசெய்தது புகார்கள் அல்ல, நோயாளிகளிடம் நடத்திய ஒரு மருத்துவச் சோதனை. புகார் எங்கே போதும், சோதனை எங்கே வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதும் இந்த வேலைதான்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார வேண்டும். கடுமையான, எதிர்பாராத பாதிப்பு என்றால் 15 நாளுக்குள் அறிக்கை போயாக வேண்டும். ஒரு தேதி தவறினால் முடிவே மாறிவிடும். பட்டம் இல்லாமல் குறுகிய காலச் சான்றிதழ் மட்டும் விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

இதை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம். பெரியப்பா வர வேண்டியதில்லை.