காயப்பட்ட முழங்காலும் கடைச் சாமான்களும்: வாசகர் கேள்வி-பதில்

முழங்கால் அடிபட்டவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன். வைத்தியத்தை உங்கள் டாக்டரிடமும் பிசியோவிடமும் கேளுங்கள். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

கிரிக்கெட் விளையாடும்போது முழங்காலின் உள்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இழுபட்டுவிட்டது. பிசியோ பிறேஸ் போடச் சொன்னார். காலி வீதியில் ஒரு பார்மசியில் விஷயத்தைச் சொல்லி 'மீடியம்' ஒன்று வாங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடுகிறது. உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.
— வெள்ளவத்தை வாசகர்

தம்பி, உங்களுக்குத் தந்தது பிறேஸ் இல்லை, ஸ்லீவ். இரண்டையும் 'முழங்கால் பெல்ட்' என்றே கடைகளில் விற்கிறார்கள். ஸ்லீவ் காலுக்குச் சூடும் லேசான இறுக்கமும் கொடுக்கும். முழங்கால் பக்கவாட்டில் சாய்ந்தால் தாங்காது. அதற்கு இரண்டு பக்கமும் உலோகக் கீல் வைத்த பிறேஸ் வேண்டும். அந்தக் கீல் முழங்கால் சில்லின் மட்டத்தில் நேராக நிற்க வேண்டும், மேலே கீழே நின்றால் பயனில்லை.

இந்த மூடிய உறை விற்பனை எனக்கு நெடுநாள் மனக்குறை. செருப்புக் கடையில்கூட ஒரு காலில் போட்டு நடந்து பார்க்க விடுகிறார்கள். அடிபட்ட மூட்டைத் தாங்க வேண்டிய சாமானை மட்டும் ஒட்டிய பைக்குள் வைத்து 'ஸ்மோலா, மீடியமா' என்று கேட்கிறார்கள். ஒரு கம்பனியின் மீடியம் இன்னொரு கம்பனியின் லார்ஜ். ஒருவர் சில்லின் நடுவில் சுற்றளவு எடுக்கிறார், இன்னொருவர் அதற்கு 15 சென்டிமீட்டர் மேலே தொடையில் எடுக்கிறார். எந்த இடத்தில் எடுப்பது என்ற படம் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து அளந்து கொடுக்கும் கடைகள் குறைவு. சுகாதாரம் என்று காரணம் சொல்வார்கள். ஒவ்வொரு சைஸிலும் ஒன்றைப் பிரித்து வைத்து, மெல்லிய காலுறைக்கு மேல் போட்டுப் பார்க்க விட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

படியில் விழுந்து முழங்கால் வீங்கியிருந்தபோது நானும் இப்படி ஒன்று வாங்கினேன். காலின் பின்பக்க மடிப்பில், கால் மடங்கும் அதே இடத்தில், தடித்த தையல். கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் போய் வந்தால் தையல் ஓடிய கோடு சிவந்து, தோல் உரிந்துவிடும். பையைத் திறந்து காட்டியிருந்தால் விரலால் தடவிப் பார்த்தே வேண்டாம் என்றிருப்பேன்.

சரி, இப்போது என்ன செய்வது? 'லிகமென்டுக்கு பிறேஸ்' என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? தேவையைச் சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். இது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. பில்லோடும் பிசியோவின் துண்டோடும் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள், உறை பிரித்த கதையை ஏற்காதீர்கள். அடுத்ததை வாங்குமுன் தையல்காரரின் நாடாவால் நின்றபடி அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். வீக்கம் வற்றியதும் அளவு மாறும், அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

லிகமென்ட் கிழிவுக்குக் குளுக்கோசமின் மாத்திரை வாங்கலாமா?
— தெஹிவளை வாசகி

வேண்டாம். அது மூட்டுத் தேய்மானத்துக்கென்று விற்கப்படுவது. அந்தத் தேய்மானத்திலேயே, 2006இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

அம்மாவுக்கு 64 வயது. விழுந்து முழங்கால் அடிபட்டது. முகநூலில் விளம்பரம் பார்த்து 'காந்தப் பட்டி' ஓடர் பண்ணினார். பத்து நாளில் ஓடலாமாம். வாசலில் 8,500 ரூபாய் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்தது வெல்க்ரோ ஒட்டிய துணி. அந்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று அம்மா அழுகிறார்.
— மட்டக்குளி வாசகி

மகள், வெட்கப்பட வேண்டியவர் அம்மா இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். வலியோடு இருக்கிறவரிடம் நடக்கலாம் என்று ஆசை காட்டிக் காசு பறித்திருக்கிறார்கள். காந்தம் எந்த லிகமென்டையும் ஒட்டாது.

பார்சலில் ஒட்டிய கூரியர் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், அனுப்பியவரின் விவரமும் பார்சல் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. விளம்பரம் மறைவதற்குள் படம் பிடித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் அழைப்போடு நிற்காமல் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்த அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கூரியர் கம்பனிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். காசை வாங்கியவர்கள் அவர்கள், யாரிடம் சேர்த்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம், அம்மாவால் இன்னும் காலை ஊன்ற முடியவில்லை என்றால் இந்தப் பட்டியை மறந்துவிட்டு தேசிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து ஆறு கிழமை. உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் புறக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் பாவித்த ட்ரெட்மில் வாங்கினேன். வீட்டில் பிளக்கைப் போட்டதும் புகை வந்தது. பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பில் இல்லை. கடையில் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஓடலாமா என்று டாக்டரிடமும் கேட்கவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய? கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை, ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். மெஷினின் பின்னால் உள்ள தகட்டைப் பாருங்கள். ஜப்பானில் பாவித்து வந்ததென்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் 230. விற்றவரைத் தேடிப் பிடித்து, சாட்சிக்கு ஒருவரோடு போய்ப் பேசுங்கள்.

காசு திரும்பக் கிடைத்தால், பிசியோவிடம் கேட்டுக்கொண்டு எக்சர்சைஸ் சைக்கிள் ஒன்று பாருங்கள். பெடல் அடியில் நிற்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். சீற் தாழ்ந்தால் முழங்கால் சில்லில் அழுத்தம் கூடும். நான் வாங்கியதில் சீற்றைப் பிடிக்கும் குமிழின் புரி சீக்கிரமே தேய்ந்து, மிதிக்க மிதிக்க சீற் கீழே இறங்கியது. 'அது பிளாஸ்டிக் பாகம், வொரன்டியில் சேராது' என்றார்கள். அதனால் கடையிலேயே ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் மிதியுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு காலம் வொரன்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஜிம்முக்கு ஒரு வருடக் காசு கட்டினேன். இரண்டாம் மாதம் முழங்கால் போய்விட்டது. திருப்பித் தர மாட்டார்களாம்.
— பம்பலப்பிட்டி வாசகர்

திருப்பித் தரச் சொல்வதைவிட நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். டாக்டரின் கடிதத்தை இணைத்து, எந்தத் திகதியிலிருந்து வர முடியாது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கொடுத்த அனுமதி மனேஜர் மாறினால் போய்விடும்.

ஊன்றுகோல் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?
— கிரான்ட்பாஸ் வாசகி

சில கிழமைகளுக்கென்றால் வாடகை. எடுக்குமுன் அடி றப்பரைத் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழவென்றிருந்தால் புது றப்பர் போட்டுத் தரச் சொல்லுங்கள், மழை நாளில் டைல்ஸ் தரையில் வழுக்கும். மேல் பட்டை அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். பாரத்தைக் கைதான் தாங்க வேண்டும், அக்குள் இல்லை.

செலவில்லாமல் உடம்பைத் தளராமல் வைத்திருக்க வழி உண்டா?
— வெள்ளவத்தை வாசகர்

உண்டு, இதைக் கேட்டதற்கு நன்றி. அடிபட்ட காலில் முதலில் மெலிவது தொடையின் முன்தசை. மடித்த துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து ஐந்து விநாடி அழுத்திப் பிடிப்பது, படுத்தபடி காலை நேராக உயர்த்துவது, இரண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை. எத்தனை தடவை என்பதைப் பிசியோ சொல்வார். கையுக்கும் தோளுக்கும் தண்ணீர் நிறைத்த போத்தல் போதும்.

நடக்க அனுமதி கிடைத்ததும் வெள்ளவத்தைக் கடற்கரை மணலுக்குப் போகாதீர்கள். சரிவும் புதைவும் சேர்ந்து முழங்காலைத் திருகும். சுதந்திர சதுக்கத்து நடைபாதை சமதரை, களைத்தால் உட்காரவும் இடம் உண்டு. காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் நீச்சல் தடாகத்துக்குக் கொடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் உடல் பாரத்தில் பாதியளவுதான் காலில் இறங்கும். தவளை நீச்சல் மட்டும் வேண்டாம், அதில் கால் உதைக்கும் விதம் உள்பக்க லிகமென்டை இழுக்கும். தையல் போட்ட புண் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மாதக் கட்டணம் கட்டுமுன் ஒரு நாள் சீட்டில் போய், தடாகத்தில் இறங்கும் படிக்குக் கைபிடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.