தலைக்கூத்தல் கருணையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 84 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. நினைவு தெளிவாக இருக்கிறது. “என்னை அனுப்பி வச்சிருங்கடா” என்று அடிக்கடி சொல்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் தலைக்கூத்தலைப் பற்றி ஜாடையாகப் பேசுகிறார்கள். கருணைக்கொலைக்குச் சட்டம் கேட்கிற படித்தவர்களும் இதைத்தானே கேட்கிறார்கள்? இதில் என்ன தவறு?

எஸ்., ராஜபாளையம்

அன்புள்ள எஸ்.,

தலைக்கூத்தல் வேண்டாம். சட்டப்படி அது கொலை. என் மனசாட்சிப்படியும் கொலைதான்.

அது எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார்கள். அப்புறம் இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஜன்னி கண்டு ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இத்தனை ஏற்பாட்டிலும் படுத்திருப்பவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2010இல் விருதுநகர்ப் பக்கம் ஒரு முதியவர், வீட்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்து, தப்பித்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அந்த வயதில் உயிருக்குப் பயந்து ஓடிய மனிதரை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

படித்தவர்கள் கேட்பது இதையல்ல. நெதர்லாந்தில் 2002 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே நோயாளி தானாக விரும்பிக் கேட்க வேண்டும், தாங்க முடியாத, தீர வழியில்லாத வேதனை இருக்க வேண்டும், சம்பந்தமில்லாத இன்னொரு மருத்துவரும் வந்து பார்க்க வேண்டும். மகன் கேட்டு நடக்கிற காரியம் இல்லை. அப்படியொரு சட்டம் இங்கே வருவதற்கு என் மனம் இன்னும் சம்மதிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று குமைகிற பெரியவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. அந்தக் குமைச்சலே விருப்பமாக எழுதப்பட்டுவிடும்.

அப்பாதான் கேட்கிறாரே என்பீர்கள். எதனால் கேட்கிறார்? வலியா, படுக்கைப்புண்ணா, மருமகள் துடைத்துவிடும்போது வருகிற கூச்சமா, மருந்துச் செலவைப் பற்றித் திண்ணையில் நடந்த பேச்சா? வலிக்கும் புண்ணுக்கும் வைத்தியம் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே கேளுங்கள்.

ஆனால் ஒன்று. நாளை நிலைமை முற்றி, மீள வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் அவரை வென்டிலேட்டரில் போட்டு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த நிலையில் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்டது. முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளும் நோட்டரி கையெழுத்தும் போதும்.

அப்பாவிடம் இதைப் பேசுங்கள். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். எல்லோரும் சுற்றி நின்றால், நீங்கள் எதிர்பார்க்கிற பதிலைத்தான் அவர் சொல்வார்.